முதுகுக்குப் பின்னால் தண்ணீர்

"மாப்புள்ள, கிப்லா எந்தப் பக்கம்?"

தொழுகைக்கு முகம் திருப்பவேண்டிய மக்காத் திசையை மாமா முகைதீன்பாவா கேட்டதும் இஹ்ஸானுக்குக் குளிர் இரண்டு மடங்கானது. சுற்றிலும் மூடுபனி. காய்ந்த புல் படர்ந்த அந்த மேட்டுவெளி எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. சூரியன் என்று ஒன்று இருப்பதற்கான அடையாளமே இல்லை. எதிரே ஒரு நீர்த்தேக்கம், ஊதினால் கலைந்துவிடும் போலச் சாம்பல் நிறத்தில் கிடந்தது.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கலியாணம் பேச வந்த அன்று, "நுவரெலியாவில ரெண்டு வருசம் கடையில நிண்டனான். அந்த மலையெல்லாம் எனக்கு வீட்டு வளவு மாதிரி" என்று சொன்னவன் அவன். உண்மையில் பாடசாலைச் சுற்றுலாவில் ஒரே ஒரு முறை வந்திருக்கிறான். அப்போதும் வாந்தியெடுத்து பஸ்ஸுக்குள்ளேயே சுருண்டு கிடந்தான்.

யுத்தம் முடிந்து பாதைகள் திறந்திருந்தன. கல்முனைக்குடியிலிருந்து மலைநாட்டுக் கடைகளுக்கு அரிசி அனுப்ப மாமாவுக்கு எண்ணம். அந்த வேலையை மருமகனிடம் கொடுப்பதா வேண்டாமா என்பது இந்தப் பயணத்தில்தான் முடிவாகும் என்று மனைவி ஸப்னா காதோடு சொல்லியிருந்தாள். பெண் வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து, மாமி ஆக்கிப்போடுவதைத் தின்பதைத் தவிர இஹ்ஸானுக்கு வேறு உத்தியோகம் இல்லை.

பயணத்துக்கு ஆசைப்பட்டவர் மாமி றாஹிலா. கடல் ஊருக்குள் வந்துபோன நாளுக்குப் பிறகு அவர் கரைப்பக்கம் தலைவைத்தும் பார்ப்பதில்லை. "வச்ச இடத்தில இரிக்கிற தண்ணிய ஒருக்காப் பாத்திட்டா மனசு ஆறும்" என்றார். அதனால்தான் குளம் குளமாக இந்தச் சுற்று.

"என்ன மாப்புள்ள, யோசிக்கிறீங்க?"

"யோசிக்க என்ன மாமா இரிக்கி? இந்தப் பக்கம்தான்."

அவன் நீர்த்தேக்கத்துக்கு முதுகைக் காட்டி நின்றான். பிறந்ததிலிருந்து அவன் கிப்லாவைத் தேடியதே இல்லை. அவனுடைய கிழக்குக்கரை ஊரில் கடல் முதுகுக்கு, மேற்கே கிப்லா முகத்துக்கு. தொட்டில் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. பெரிய தண்ணீரைக் கண்டதும் உடம்பு தானாகவே திரும்பிக்கொண்டது. திரும்பிய பிறகு அதுவே சரியென்றும் தோன்றியது.

"சரியாத் தெரியுமா?" என்று ஸப்னா மெதுவாகக் கேட்டாள்.

"ரெண்டு வருசம் இஞ்ச தொழுத எனக்குத் தெரியாதா?"

தொழுகைக்குமுன் கைகால் கழுவி வுளூச் செய்யும்போது மாமி, "யா அல்லாஹ், ஐஸ் பெட்டிக்குள்ள கை வச்ச மாதிரி இரிக்கி" என்று அலறினார். புதுமாப்பிள்ளைதான் முன்னே நிற்கவேண்டுமென்று மாமா ஒற்றைக்காலில் நின்றார். இஹ்ஸான் தொழுவித்தான்.

நண்பகல் தொழுகையான லுஹர் முடிந்தது. மாமா, ஹஜ்ஜுக்குப் போனபோது மக்காவில் வாங்கிய, உள்ளே சிறு முள் ஆடும் சாவிக்கொத்தை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வேன்ட டயர ஒருக்காப் பாத்திட்டு வாறன்" என்று எழுந்து போனார். அவர் வந்ததும் மாமி முக்காட்டு ஊசியைத் தேடிப் போனார். மாமி வந்ததும் ஸப்னா பிளாஸ்க் எடுக்கப் போனாள். பிளாஸ்க் இஹ்ஸானுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அவள் வெறுங்கையோடு திரும்பி வந்து, அதைத் திறந்து தேத்தண்ணி ஊற்றினாள்.

இரண்டாவது நீர்த்தேக்கம் பெரியது. குட்டையான, காற்றில் முதுகு வளைந்த மரங்கள் அதைச் சுற்றிக் குந்திக்கொண்டிருந்தன. மாமா அணைக்கட்டின் மேல் ஏறி நின்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

"இவ்வளவு பெரிய குளம். இதுக்கு வயல் எங்க மாப்புள்ள?"

"வயல்... கீழ இரிக்கி மாமா. அடிவாரத்தில."

"எந்த வாய்க்காலால போகுது?"

வேன் சாரதி கோகிலன் குறுக்கிட்டான். தம்பிலுவில் ஊர் ஆள், வழி முழுக்க வாய் ஓயவில்லை. "ஹாஜியார், இது கரண்டுக்குக் கட்டினதெண்டு போர்ட்டில போட்டிரிக்கி."

இஹ்ஸானின் காதுமடல் சுட்டது. "கரண்டு வயலுக்கும் போகும்தானே" என்றான்.

"ஓம் ஓம், போகும்" என்றார் மாமா, மிகவும் மரியாதையாக. அந்த மரியாதைதான் என்னவோ செய்தது.

பிற்பகல் தொழுகையான அஸர் நேரம். இஹ்ஸான் மறுபடியும் தண்ணீருக்கு முதுகைக் காட்டிப் பாயை விரித்தான். எதிர்க்காற்று தொப்பியைப் பிடுங்கியது.

மாமா செருமினார். "மாப்புள்ள, அங்கால திரும்பி நிண்டா இந்தக் காத்து முகத்தில அடிக்காதே?"

அவர் கைகாட்டியது தண்ணீர்ப் பக்கம். இஹ்ஸானுக்குச் சிரிப்பு வந்தது. கடலைப் பார்த்துத் தொழுகிறவனும் உண்டா?

"காத்துக்காகக் கிப்லாவ மாத்தலாமா மாமா?" என்றான் கொஞ்சம் கடுமையாகவே. "நாம முஸ்லிம்களில்லையா?"

மாமா தலையைக் குனிந்துகொண்டு பின்னால் போய் நின்றார். மாமி தொண்டைக்குள் ஏதோ முனகினார்.

தொழுகையின் இரண்டாவது சுற்றான ரக்அத்தில் பனி விலகியது. யாரோ திரையை இழுத்துவிட்டது போல வெயில் வந்து புல்வெளி முழுக்க மஞ்சளாகக் கொட்டியது. இஹ்ஸான் தன் பாயைப் பார்த்தான். பாயைத் தாண்டி அவனுடைய நிழல் நீளமாகக் கிடந்தது. பக்கத்தில் மாமாவின் நிழல், அதற்குப் பக்கத்தில் இரண்டு பெண்களின் முக்காடு போட்ட நிழல்கள். ஊரில் அஸர் தொழும்போது வெயில் முகத்தில் அடிக்கும்; கண்ணைக் கூசவைக்கும். இங்கே அது பிடரியைச் சுட்டது.

அவனுக்கு ஓதவேண்டியது மறந்துபோனது. ஒருவாறு முடித்து ஸலாம் கொடுத்தான். திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. நான்கு நிழல்களும் அவனையே பார்த்துக்கொண்டிருப்பது போலிருந்தது.

"வெயில் பின்னால இரிக்கி போல" என்றாள் ஸப்னா.

"அது... உயரமான இடம் ஸப்னா. பின்னேரத்தில வெளிச்சம் தண்ணியில பட்டுத் திரும்பி வரும்."

"ஓ" என்றாள் அவள்.

மாமா டயர் பார்க்கப் போனார். மாமிக்கு ஊசி மறுபடி தொலைந்தது. ஸப்னா, பிளாஸ்க்கைக் கையில் பிடித்துக்கொண்டே பிளாஸ்க் எடுக்கப் போனாள். இஹ்ஸான் எதையும் கவனிக்கவில்லை. அணைக்கட்டின் ஓரத்தில் தனியாகக் குந்தி, தண்ணீரில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்தான். சொல்லிவிடலாமா? 'மாமா, நான் இஞ்ச வேலை செய்யேல்ல. எனக்கு ஒரு மண்ணும் தெரியாது.' சொன்னால் அரிசி வேலை போகும். அதைவிட, இவ்வளவு நல்ல மனிதரைக் கிப்லாவைக் காட்டி அதட்டிய வாயால் அதைச் சொல்லவேண்டும். அந்த வாய் திறக்கவில்லை.

அந்தித் தொழுகையான மஃரிபுக்கு மூன்றாவது குளம் வந்தது. சூரியன் தண்ணீருக்குள் இறங்குவது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. சரியாக நின்றால் முன்னைய இரண்டும் பிழையென்று ஆகும். பிழையாக நின்றால் அல்லாஹ்வுக்கு என்ன பதில்?

"எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு மாமா" என்றான்.

மாமா உடனே சொன்னார்: "பயணத்தில சேர்த்துத் தொழலாம்தானே. கீழ டவுனில பள்ளி இரிக்கி. ராத்திரி இஷாத் தொழுகையோட அங்க தொழுவம்."

இஹ்ஸானுக்கு உயிர் திரும்பி வந்தது.

டவுன் பள்ளியில் கிப்லாவைக் காட்டும் மிஹ்ராப் மாடம் இருந்தது. யாரும் யாரிடமும் எதுவும் கேட்கத் தேவையில்லை. தொழுதுவிட்டு வெளியே வந்ததும் மாமா அவனுடைய தோளில் கைபோட்டார்.

"மாப்புள்ள, அரிசி வேலைய நீங்களே பாருங்க. கோகிலன்ட லொறியும் இரிக்கி. அவரையும் கூட்டிட்டுப் போங்க. வழிக்கு ஒரு ஆள் நல்லம்தானே."

"வழி எனக்கு..." என்று தொடங்கிய இஹ்ஸான் நிறுத்திக்கொண்டான். "சரி மாமா."

தப்பித்துவிட்டோம்! ஒருவருக்கும் தெரியவில்லை. நெஞ்சு லேசானது. பாவம் மாமா, ஹஜ்ஜுக்குப் போய்வந்தும் மேற்கு எது கிழக்கு எது என்று தெரியாத மனிதர். இரக்கம்கூட வந்தது. இனி அவரை நன்றாகப் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

மற்றவர்கள் கடையில் கொத்துரொட்டிக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். இஹ்ஸான் வேனில் சாய்ந்து, இரண்டு வருசம் இந்த ஊரில் வாழ்ந்தவனைப் போலத் தெருவைப் பார்த்தான். கோகிலன் கண்ணாடியைத் துடைத்தபடி பக்கத்தில் வந்தான்.

"நானா, ஒண்டு கேட்டாக் குறை நினைக்கமாட்டீங்களே?" என்றான், அண்ணன் முறை வைத்து.

"கேளுங்க கோகிலன்."

"உங்கட ஆக்கள் முதல்ல எல்லாரும் சேர்ந்து ஒரு பக்கம் பாத்துத் தொழுதாங்க. பிறகு ஹாஜியாரும் மாமியும் தங்கச்சியும் ஒவ்வொருத்தரா வேனுக்குப் பின்னால வந்து, மற்றப் பக்கம் பாத்துத் திரும்பவும் தொழுதாங்க. ரெண்டு குளத்தடியிலயும் அப்பிடித்தான். நீங்க மட்டும் ஏன் நானா வரேல்ல?"