முப்பத்திரண்டாவது தலை

மூன்றாவது தடவை எண்ணியபோதும் முப்பத்திரண்டுதான் வந்தது. கையிலிருந்த தாளில் முப்பத்தொன்று என்று போட்டிருந்தது.

கிடங்குக்காரர் தாளைத் திருப்பிப் பார்த்தார்; பின்பக்கம் காலி. பதினெட்டு வருஷமாகச் சரக்குக் கிடங்கில் பெட்டி எண்ணுகிறவர். அந்தத் தொழிலின் வேதம் அவருக்கு அத்துப்படி. சரக்கு குறைந்தால் எலி தின்றது, எவனோ அடித்தான் என்று கையை விரித்துவிடலாம். கூடினால்? அடித்தவன் நீதான்.

பெட்டிக்கே அந்தக் கதி. இதுவோ பிள்ளை. அதுவும் பிழைக்க வந்த நாட்டில்.

ஒன்பது வருஷம் காத்துக்கிடந்து, நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்கும் நேர்காணல் வரும் வியாழக்கிழமை. அதற்கு ஒரு நன்னடத்தைக் கடிதம் வேண்டுமே என்றுதான் பிரார்த்தனைச் சங்கத்தின் சிறுவர் முகாமுக்கு உதவ வந்தார்.

"ரொம்பச் சுலபம் தம்பி," என்று முந்தின நாள் சொல்லியிருந்தார் முகாம் தலைவர். "காலையில பசங்களுக்கு மௌன விரதம். எனக்கும்தான். பன்னெண்டு மணி வரைக்கும் ஒருத்தரும் வாயைத் திறக்கமாட்டோம். முன்வாசல் படியேறினா மாடியில இடதுபக்க அறை. நீங்க தலையை எண்ணிட்டு சும்மா உட்கார்ந்திருந்தாப் போதும்."

வண்டி நிறுத்த இடம் தேடித் தாமதமாகி, பின்பக்கப் படியில் மூச்சிரைக்க ஏறி, இடதுபக்க அறையில் நுழைந்தார். கிசுகிசுத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் இவரைக் கண்டதும் கப்சிப். ஆளுக்கொரு வெள்ளைத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு அதையே உற்றுப் பார்த்தார்கள். என்ன தியானம், என்ன கட்டுப்பாடு என்று பூரித்துப்போனார். அந்தப் பூரிப்பு மூன்று எண்ணிக்கைக்குள் வற்றிவிட்டது.

"யாரு கண்ணுங்களா கூடுதலா வந்தது?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். "பேச வேண்டாம். கையை மட்டும் தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை.

மூலைக்குப் போய் மனைவியைப் போனில் கூப்பிட்டார்.

"ஒரு பிள்ளை கூடுதலா இருக்கு."

"எங்கேங்க?"

"முகாம்லதான்."

"உங்களை எண்ணத்தானே விட்டாங்க? பெருக்கவா விட்டாங்க?"

"சிரிக்காதே! இந்த ஊர்ல அடுத்தவன் பிள்ளை நம்ம கையில இருந்தா அதுக்குப் பேரு கடத்தல். வியாழக்கிழமை போய் என்னன்னு சொல்லுவேன்?"

மறுமுனையில் சிரிப்பு நின்றது. "தலைவரைக் கேளுங்களேன்."

"அவரும் விரதம். போனை அணைச்சுப் போட்டிருக்கார்."

"சரி, பதறாதீங்க. பையில பிஸ்கட் வெச்சிருக்கேன் பாருங்க. நீட்டுங்க. சங்கத்துப் பிள்ளைங்க விரதம்னு தொடாது. வெளிப்பிள்ளை கையை நீட்டிடும்."

மனைவி கடைக்காரர் வீட்டுப் பெண். ஆளை அளப்பதில் கெட்டி. கிடங்குக்காரர் பிஸ்கட்டை வரிசையாக நீட்டிக்கொண்டே போனார். முப்பத்தொரு பேர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசி வரிசையில், பல் விழுந்த பொடியன் ஒருவன் மட்டும் கையைப் பாதி நீட்டினான். பக்கத்தில் இருந்த ரெட்டைப் பின்னல்காரி அதைப் பட்டென்று தட்டிவிட்டாள்.

சரக்கு சிக்கிவிட்டது!

கிடங்குக்காரர் மண்டியிட்டு, முடிந்தவரை இனிமையாகச் சிரித்தார். பயத்தில் வருகிற சிரிப்பு பார்க்கச் சகிக்காது என்பது அவருக்குத் தெரியாது. "வா ராஜா. அங்கிள் கார் பின்னாடிதான் நிக்குது. யாருக்கும் தெரியாம உன்னை வீட்டுல கொண்டுபோய் விட்டுடறேன்."

பொடியன் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. சத்தமே இல்லை. ரெட்டைப் பின்னல்காரி அவனை இழுத்து அணைத்துக்கொண்டாள். மற்றவர்களும் மெல்ல நகர்ந்து நெருங்க, பொடியன் கூட்டத்துக்குள் காணாமல் போனான்.

"ஏங்க, கதவைப் பூட்டினீங்களா?" என்றது போன். "அது ஓடிப்போச்சுன்னா, கடத்தினதும் நீங்க, தொலைச்சதும் நீங்கன்னு ஆயிடும்."

நியாயமாகத்தான் பட்டது. தாழ்ப்பாளைப் போட்டார்.

"எல்லாரையும் விலாசம் எழுதித் தரச் சொல்லுங்க. அம்மா அப்பா எத்தனை மணிக்கு வீட்டுல இருக்கமாட்டாங்கன்னும் கேளுங்க. வாசல்ல விட்டுட்டு வந்துடலாம்."

அதையும் கேட்டார். தாள்கள் வெள்ளையாகவே கிடந்தன. யாருடைய பென்சிலோ மட்டும் மேஜையில் தடதடவென்று நடுங்கியது. பக்தி முற்றினால் உடம்பு ஆடும் என்று கேள்விப்பட்டிருக்கிறார். இந்த வயதிலேயேவா!

அப்போது வெளியே யாரோ கைப்பிடியைத் திருகினார்கள். ஒருமுறை. பிறகு வேகமாகப் பலமுறை.

கிடங்குக்காரர் கதவைவிட்டுத் துள்ளி விலகினார். கூடுதல் பிள்ளையைப் பெற்றவர்கள்! ஓடிப்போய்த் திரைச்சீலைகளை இழுத்து மூடினார். உதட்டில் விரலை வைத்துக்கொண்டு, "உஷ்! மூச்சு விடக் கூடாது!" என்றார்.

யாரும் விடவில்லை.

கால் மணி நேரம் போயிருக்கும். படிகளில் பூட்ஸ் சத்தம். கதவில் இடி.

"போலீஸ்! கதவைத் திற!"

போன் கைநழுவி விழுந்தது. இனி மறைத்துப் பயனில்லை. ஒன்பது வருஷமும் வியாழக்கிழமையும் கண் முன்னால் ஒருமுறை வந்துபோயின. உள்ளதைச் சொல்லிவிட்டால் பாதித் தண்டனையாவது குறையும் என்று தாழ்ப்பாளை நீக்கி, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார்.

"சார், ஒண்ணே ஒண்ணுதான் கூடுதல்! மீதி முப்பத்தொண்ணும் எங்களுதுதான் சார்!"

வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள். அவர்களுக்கு நடுவே, கையில் வண்ணப் பெட்டியோடு, இவர் முன்பின் பார்த்திராத ஒரு பெண். அவர்களுக்குப் பின்னால் முகாம் தலைவர். பன்னிரண்டு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்ததால், பேசாமல் இரண்டு கையாலும் மடேர் மடேரென்று தலையில் அடித்துக்கொண்டிருந்தார்.

ரெட்டைப் பின்னல்காரி பாய்ந்தோடி அந்தப் பெண்ணின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, காலையிலிருந்து முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"டீச்சர், தெரியாத ஆளு உள்ளே வந்தா கத்தாம, அசையாம, எது குடுத்தாலும் வாங்காம உட்காரணும்னு சொல்லிக்குடுத்தீங்கல்ல? நம்ம ஓவிய வகுப்பு முப்பத்திரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம் டீச்சர்!"