குதிகால் இருப்பது குதிக்கவா?

மழை பிடித்து, போர்க் கிணறு துளைக்கும் ரிக் வண்டி ஷெட்டில் ஏறிய அன்றைக்கே காளிதாஸ் ஒரு சபதம் எடுத்தார். வண்டி மறுபடி வடக்கே கிளம்புவதற்குள் மகள் தனப்பிரியாவை மாவட்டக் கோ-கோ அணியில் சேர்த்துவிட வேண்டும்!

வருஷத்தில் முக்கால்வாசி நாள் சத்தீஸ்கரில் பாறையைத் துளைத்துக்கொண்டிருக்கும் மனிதர். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சொந்த வீட்டில் அவருக்குத் துளைக்க ஒன்றுமில்லை. சும்மா இருக்கும் ஆம்பளை எதையாவது கழட்டுவான். காளிதாஸ் மிக்சியைக் கழட்டினார். பூட்டி முடித்தபோது நாலு நட்டு மிச்சமிருந்தது. அவர் மனைவி அறிவுச்செல்வி அந்த நட்டுகளை உள்ளங்கையில் ஏந்திக் காட்டிவிட்டு, அம்மியைக் கழுவப் போனாள்.

மிக்சி முடிந்ததும் அவர் பார்வை மகள் மேல் விழுந்தது.

பதினொரு வயசு. போன வருஷம் எடுத்த துணியெல்லாம் இந்த வருஷம் ஏறிப்போய்விட்டது. ஓடினால் காற்றுதான் பிடிக்கும் என்று பள்ளிக்கூடமே பேசிக்கொள்ளும். அந்தப் பிள்ளை அன்றைக்கு நுனிக்காலில் நடந்து வந்தது.

“ஏஞ்சாமி, முள்ளுக் குத்திருச்சா?”

“இல்லீங்கப்பா. குதிகால் வலிக்குது. வெளையாண்டா வலிக்குது, உக்காந்தா போயிருது.”

“உக்காந்தா போறதெல்லாம் ஒரு வலியா? காலுக்குப் பலம் பத்தலை. வெடியால எந்திரிச்சு வரப்புல வெறுங்காலோட ஓடு. கயிறு தாண்டு. செரியாயிரும்.”

அறிவுச்செல்வி சமையலறையிலிருந்து தலையை நீட்டினாள். “ஏனுங்க, வலிக்கிற காலை வெச்சுக்கிட்டுக் குதிக்கச் சொல்றீங்களே?”

“அதுக்குப் பேரே குதிகால், புள்ள. குதிக்காம வேற எதுக்கு?”

“அப்ப உங்க முழங்காலைச் சித்தெ முழங்கச் சொல்லுங்க, கேப்போம்.”

“மண்ணை மிதிச்சுப் பார்த்தே தண்ணி எங்க கெடக்குதுன்னு சொல்றவன் நானு. ஒரு காலைப் பார்த்துச் சொல்ல மாட்டனா?”

“நம்ம தோட்டத்துலயும் சொன்னீங்க. போர்ல புகைதானுங்க வந்துச்சு.”

காளிதாஸ் பேச்சில் தோற்றாலும் மறுநாளே வரப்பில் ஓட்டத்தைத் தொடங்கிவிட்டார். மகள் ஓடினாள். அவர் கைதட்டினார். அந்த வாரம் முடிவதற்குள் பிள்ளைக்கு வாசற்படி இறங்குவதே பாடாகிவிட்டது. அறிவுச்செல்வி யாரையும் கேட்கவில்லை. மகளை ஸ்கூட்டரில் உட்கார வைத்து எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

திரும்பி வந்ததும் புருஷனை நிற்க வைத்துச் சொன்னாள். “டாக்டரம்மா குதிகாலை ரெண்டு பக்கமும் அமுக்குனாங்க. புள்ள துள்ளிருச்சு. வளர்ற வயசுல எலும்பு வெடுக்குனு நீண்டுக்குதாம். கெண்டைக்கால் சதை அந்த வேகத்துக்கு நீள முடியாம குதிகாலைப் புடிச்சு இழுக்குதாம். அங்க எலும்பு வளர்ற எடம் இன்னும் முத்தலை, அதான் நோவுது. ஓடியாடற புள்ளைங்க நெறையப் பேருக்கு வருமாம்.”

காளிதாஸ் குனிந்து மகளின் காலைப் பார்த்தார். “காலுக்கு ஒண்ணும் ஆயிராதே?”

“ஒண்ணும் ஆகாது. வளர்ந்து முடிஞ்சா தானாப் போயிரும். ஆனா வலி அடங்கற வரைக்கும் ஓட்டம், குதி எல்லாம் நிறுத்தோணும். வெறுங்கால் ஆகாது. ஷூவுக்குள்ள மெத்துனு அட்டை வெக்கோணும். வலிச்சாத் துணியில ஐஸைச் சுத்தி வெக்கோணும். செவுத்தைப் புடிச்சுக்கிட்டுக் கெண்டைக்காலை இழுத்து நீட்டோணும். சைக்கிள் வேணா மெதுவா ஓட்டட்டும்.”

“எத்தனை நாளைக்கு?”

“சில வாரம் ஆகும். சிலதுகளுக்கு மாசக்கணக்கும் ஆகுமாம்.”

“சனிக்கெழமை ஆள் எடுக்கறாங்களே!”

“அடுத்த தடவையும் எடுப்பாங்க.”

“செரி” என்றார் காளிதாஸ். சொன்னது வாய் மட்டும்தான். ஒரு நாள் ஓடினால் என்ன குறைந்துவிடும்? அதற்கப்புறம் மழைக்காலம் முழுக்க உட்காரட்டுமே!

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகளை மாட்டுக்கொட்டகைப் பக்கம் ஒதுக்கினார். “சங்ககிரிக்கு டயர் பார்க்கப் போறம்னு அம்மாகிட்டச் சொல்றேன். நாம நேரா கிரவுண்டுக்குப் போயிரலாம். ஒரே ஒரு நாளு ஓடிரு, கண்ணு. அம்மாவுக்குத் தெரியக்கூடாது.”

பிரியா தலையாட்டினாள். கொஞ்சம் தாமதமாகத்தான் ஆட்டினாள். அப்பா அதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை அறிவுச்செல்வி மறுபேச்சே பேசவில்லை. “டயருங்களா? பத்திரமாப் போயிட்டு வாங்க” என்று ஒரு துணிப்பையையும் கொடுத்தனுப்பினாள். வழியெல்லாம் காளிதாஸுக்குச் சிரிப்பு. பேரில்தான் அறிவு! ஒரு டயரை வைத்தே உருட்டிவிட்டோமே!

பள்ளிக்கூட மைதானத்தில் விளையாட்டு டீச்சர் பிரவீனா எதிர்கொண்டு வந்தாள். “வாங்கண்ணா! உங்களைத்தான் எதிர்பார்த்துட்டு இருக்கறோம்.”

“என்னையா?”

“அக்கா போன் பண்ணுனாங்க. பிரியாவுக்குக் கால் செரியானதும் நானே ஓட விட்டுப் பார்த்துக்கறேன், அடுத்த தடவை சேர்த்துக்கலாம். இன்னைக்கு ஒரு பக்கம் ஆள் குறையுது. ‘அவங்கப்பா வருவாரு, அந்தக் காலத்து ஆட்டக்காரரு, சேர்த்துக்குங்க’ன்னு அக்காதான் சொன்னாங்க.”

காளிதாஸ் துணிப்பையைப் பிரித்தார். உள்ளே சாப்பாடு இல்லை. அவருடைய அரைக்கால் டவுசர் இருந்தது. இஸ்திரி போட்டு மடித்திருந்தது.

அதற்கப்புறம் நடந்ததை அந்தப் பள்ளிக்கூடம் லேசில் மறக்காது. கம்பத்தைச் சுற்றும்போது வாண்டுகள் கெண்டை மீன் மாதிரி வளைந்தன. காளிதாஸ் ட்ரெய்லர் லாரி மாதிரி வளைந்தார். “கோ!” என்று முதுகில் அடி விழும். இவர் கையூன்றி எழுவதற்குள் எதிராளி வீட்டுக்குப் போய் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு வரலாம். பந்தல் நிழலில் நாற்காலி போட்டு, விசிலும் வாயுமாக உட்கார்ந்திருந்தாள் பிரியா.

“ஃபவுலுங்கப்பா!”

“எதுக்குச் சாமி?”

“திரும்பி ஓடக் கூடாதுங்க!”

“நான் எங்க ஓடுனேன்? தடுமாறுனேன்!”

ஆட்டம் முடிந்தபோது அவருடைய குதிகால்கள் இரண்டிலும் ஆணி இறக்கினது போல் இருந்தது.

வரும் வழியில் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தினார். “எப்ப அம்மாகிட்டச் சொன்னே?”

“நேத்தே சொல்லிட்டனுங்க.” பிரியா டம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “நீங்க எப்பவாச்சும்தான் ஊட்டுல இருக்கறீங்க. ஆசையாக் கூப்புடறீங்க. வலிக்குதுன்னு உங்ககிட்டச் சொல்ல வாய் வரலைங்கப்பா. வரப்புல ஓடுனப்பவும் அப்புடித்தான். நீங்க கைதட்டிட்டே நின்னீங்களா...”

காளிதாஸ் டம்ளரைக் கீழே வைத்தார். கருங்கல் பாறைகூடத் துளைத்தால் ஊரே கேட்கிற மாதிரிக் கத்தும். இந்தப் பிள்ளை கத்தாமல் ஓடியிருக்கிறது.

“இனிமே வலிச்சா மொத ஆளா அப்பாகிட்டத்தான் சொல்லோணும். தெரிஞ்சுதா?” மகளுக்கு இன்னொரு பன் வாங்கிக் கொடுத்தார்.

வீட்டு வாசலில் அறிவுச்செல்வி நின்றுகொண்டிருந்தாள். “டயர் அமைஞ்சுதுங்களா?”

“வெலை ஒத்து வரலை.”

“அதுக்கு எதுக்குங்க நொண்டறீங்க?”

பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போனாள். துணியில் சுற்றிய ஐஸ் இரண்டு பேருக்கும் தயாராக இருந்தது. ஐஸ் வைத்து முடித்ததும் அப்பாவையும் மகளையும் பக்கத்தில் பக்கத்தில் சுவரைப் பிடிக்க வைத்தாள். “பின்னங்காலை நல்லா நீட்டுங்க. குதிகாலைத் தூக்காதீங்க. பாருங்க, புள்ள எப்புடிச் செய்யுது!”

சுவரைப் பிடித்தபடியே காளிதாஸ் கடைசியாக ஒரு தந்திரம் செய்து பார்த்தார். முகத்தைப் பரிதாபமாக வைத்துக்கொண்டார். “புள்ள, அவளுக்கு வந்ததேதான் எனக்கும் வந்திருக்குது. நானும் சில வாரம் ஓடாம ஆடாம இருக்கோணுமாட்ட இருக்குது.”

“டாக்டரம்மாகிட்டப் போன்லயே கேட்டுட்டனுங்க. அது வளர்ற புள்ளைங்களுக்கு வர்றதாம். உங்களுக்கு வளர்றது வயிறு மட்டுந்தான், ஓடுனாத்தான் கொறையுமாம். திங்கக்கெழமை வந்துருவீங்கன்னு டீச்சர்கிட்டச் சொல்லிட்டேன்.”