செங்காங் புலியும் மூன்று ஆதாரங்களும்

இணையத்தில் ஒருவரைப் பற்றித் தேடி எதுவும் சிக்கவில்லை என்றால், அவர் ஒழுங்கான மனிதர் என்று அர்த்தம். இது இன்று எனக்குத் தெரிகிறது. அன்று, எனக்குத் தேடத் தெரியவில்லை என்று அர்த்தமாகிவிடுமோ என்றுதான் பயந்தேன்.

விருதுநகரிலிருந்து சிங்கப்பூர் வந்த புதிது. பணக்காரக் குடும்பங்களுக்கு முதலீட்டு ஆலோசனை சொல்லும் சின்ன நிறுவனத்தில் வேலை. அவர்கள் பணத்தை ஒப்படைக்கப்போகும் நிதி மேலாளர்களைப் பற்றிப் பழைய செய்திகளிலும் இணையத்திலும் துருவி, வில்லங்கம் ஏதாவது உண்டா என்று நான் சொல்ல வேண்டும். வேலை நிரந்தரமாகவில்லை. செங்காங் வாடகை வீட்டில் மனைவி செல்வி மசக்கையில் படுத்திருந்தாள். வேலை போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

எனக்குக் கொடுத்த முதல் ஆள் ராமநாதன். எவ்வளவு தேடியும் ஒரு சின்னக் கறை இல்லை. (ஒரு மனுஷன் இவ்வளவு நல்லவனாகவா இருப்பான்?) வெறுங்கையோடு போக மனமில்லாமல், ஒரு இணைய அரட்டைத் தளத்தில் 'செங்காங் புலி' என்ற பெயரில் தூண்டில் போட்டேன்: "இவரை நம்பலாமா? ஏதோ பிரச்சினை என்கிறார்களே?" அப்படி யாருமே சொல்லவில்லை.

சில நாள் கழித்துத் தேடினால் அடித்தது யோகம்! ஒரு தளத்தில், 'ராமநாதன் மீது முதலீட்டாளர்கள் சந்தேகம்.' இன்னொன்றில், 'சிக்கலில் பிரபல மேலாளர்?' போதாததற்குச் செல்வியே கைபேசியை நீட்டினாள்.

"இங்க பாருங்க, யாரோ ராமநாதனாம். பணத்தப் போட்டு ஏமாந்துடாதீங்கன்னு வாட்ஸ்அப்ல வந்திருக்கு."

மூன்று ஆதாரங்கள்! அந்த 'முதலீட்டாளர்கள்' அத்தனை பேரும் நான் ஒருவன்தான் என்று எனக்கு உறைக்கவே இல்லை. அறிக்கையைப் பெருமையோடு மேலதிகாரி கமலா மேடத்திடம் கொடுத்தேன். அவர் ராமநாதனையே அழைத்துவிட்டார்.

மனிதர் பதறவில்லை. மடிக்கணினியைத் திறந்து, ஒவ்வொரு செய்தியும் எங்கிருந்து வந்தது என்று பின்னாலேயே போய்க் காட்டினார். எல்லாம் ஒரே இடத்தில் வந்து நின்றன.

"யார் இந்த செங்காங் புலி?" என்றார் மேடம்.

"விசாரிக்கிறேன் மேடம்" என்றேன். (ஆமாம், அப்படித்தான் சொன்னேன்.)

"இதே புலி அங்க இன்னொரு கேள்வியும் கேட்டிருக்காரு" என்றார் ராமநாதன். "தேக்கா மார்க்கெட்ல அதலைக்காய் எந்தக் கடையில கிடைக்கும்னு."

மேடம் மெதுவாக என் பக்கம் திரும்பினார். செல்வி ஆசைப்பட்டாள் என்று அந்த வாரம் முழுக்க அலுவலகத்தில் ஒருவர் விடாமல் அதே காயைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்த மேடத்துக்கு, அது குட்டிப் பாகற்காய் போல இருக்கும் என்று படம் வரைந்துகூடக் காட்டியிருந்தேன்.

நான்தான் அந்தப் புலி என்று ஒப்புக்கொண்டேன். வாய் குழற மன்னிப்புக் கேட்டேன். ராமநாதன் சிரித்துவிட்டார்.

"பரவாயில்ல லா. தோண்டித் தோண்டித் தன் வீட்டுக்கே வந்துட்டாரு."

எழுதியதை அழித்து, அந்தத் தளங்களிடம் கெஞ்சி அந்தச் செய்திகளையும் அழிக்க வைத்த பிறகுதான் மேடம் என் முகத்தைப் பார்த்தார். வேலை தப்பியது. பணம் ராமநாதனிடமே போனது. இன்றும் தீபாவளிக்கு 'புலியார் குடும்பத்துக்கு' என்று எழுதிப் பலகாரம் அனுப்புகிறார்.

போன மாதம் பள்ளியில், அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று மகளிடம் கேட்டிருக்கிறார்கள்.

"அப்பா இன்டர்நெட்ல கேள்வி கேப்பாரு. அப்புறம் அதப் படிச்சு அவரே பயந்துக்குவாரு" என்றாளாம்.

சொல்லிக்கொடுத்தது யார் என்று நான் விசாரிக்கப் போகவில்லை.