மாசி மாதமும் என் மழைக் கணக்கும்

படிப்பைப் படிக்கிற இடத்தோடு விட்டுவிட வேண்டும். வீட்டு விசேஷத்துக்குக் கொண்டுவரக் கூடாது. தங்கையின் நிச்சயதார்த்தம்வரை எனக்கு இது தெரியாது. (அதுவரை வீட்டில் என்னை விஞ்ஞானி என்று நினைத்திருந்தார்கள். நானும்தான்.)

அப்போது நான் மழையை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். எந்த மாதத்து மழையை எளிதில் கணிக்கலாம், எது ஏமாற்றும் என்று தகவல் கோட்பாட்டை வைத்து அளப்பது என் வேலை. திருவண்ணாமலையில் ஐப்பசியை நம்பவே முடியாது. மாசியோ பரம சாது; "இன்று மழை இல்லை" என்று தினமும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

நிச்சயம் மாசியில், வேங்கிக்கால் வீட்டு மொட்டை மாடியில். மேலே தகர ஷீட் போட அப்பா ஆள் பார்த்திருந்தார்.

"எதுக்குப்பா? மாசில மழைக்கு சான்ஸே கம்மி."

"கம்மின்னா, வராதா?"

"வராதுப்பா. இதத்தானே இத்தன வருஷமா படிக்கிறேன்."

அப்பா ஆளை அனுப்பிவிட்டார்.

தட்டு மாற்றும்போது மலை உச்சியில் ஏதோ உறுமியது. லாரி என்றேன். (மலைமேல் ஏது லாரி?) அண்ணாந்து பார்த்த சம்பந்தியம்மாவுக்கு என் மழை வரைபடத்தைக் காட்டப் போனை எடுத்தேன். முதல் சொட்டு அதன்மேல்தான் விழுந்தது.

எதிர்பாராதது நடந்தால் அதில் தகவல் ஜாஸ்தி என்பது என் துறையின் பாலபாடம். அன்று தகவல் வாளி வாளியாகக் கொட்டியது. அண்டாவில் ரசம் பெருகியது. அப்பளம் துணியானது. தாம்பாளங்களைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இரண்டு குடும்பமும் ஒரே படிக்கட்டில் இறங்கியது.

"அண்ணா, கொஞ்ச நேரம் என் கண்ணுல படாத," என்றாள் தங்கை. கண்மை கன்னம்வரை வழிந்திருந்தது. இந்தச் சம்பந்தமே நின்றுவிடுமோ என்று பயந்துகொண்டே உள்ளே போனேன்.

கூடத்தில் பட்டுப்புடவை சொட்டச் சொட்ட சம்பந்தியம்மா உட்கார்ந்திருந்தார். கீழ்பென்னாத்தூரில் கணக்கு டீச்சர், வீட்டில் வேர்க்கடலை விவசாயம்; சிரித்து நான் பார்த்ததில்லை.

"தம்பி, மழை வராதுன்னு சொன்னது நீங்கதானாமே?"

"ஆமாங்க."

"எங்க மல்லாட்டை நெலம் காஞ்சி கெடக்குது. ஒருநாள் வந்து, அங்கயும் வராதுன்னு சொல்லிட்டுப் போங்க."

அவர் கணவர்தான் முதலில் சிரித்தார். பிறகு வீடே சிரித்தது. கடைசியாக, தங்கையும்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. இன்றும் மல்லாட்டையைக் களத்தில் காயப்போடுமுன் அந்த அம்மா எனக்குப் போன் செய்வார். தாராளமாகப் போடுங்கள் என்றால், உடனே தார்ப்பாய் எடுத்துவரச் சொல்லும் குரல் கேட்கும்.

ஒருமுறை ரோஷம் வந்து விளக்கினேன்: எப்போதும் தப்பாகவே சொல்பவனிடமும், எப்போதும் சரியாகச் சொல்பவனிடம் உள்ள அதே அளவு தகவல் இருக்கிறது, சொன்னதைத் தலைகீழாக எடுத்துக்கொண்டால் போதும்; இது என் துறையே ஒப்புக்கொண்ட உண்மை.

"அதனாலதான் தம்பி," என்றார், "டிவில சொல்றத நாங்க பாக்கறதே இல்ல."