கேட்காமல் ஆட்டிய தலை

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் எழுதுவது. தாங்களும் அக்காவும் முழங்கால் வலி இல்லாமல் சுகமாக இருக்க வேண்டும். நாங்கள் சுகம். இங்கே யாருக்காவது சுகமில்லை என்றால் எங்களுக்கு முன்பே எதிர்க் கட்டடத்துக்காரர்களுக்குத் தெரிந்துவிடும், ஆகவே கவலை வேண்டாம். போனில் சொல்ல வேண்டிய விஷயம்தான். ஆனால் தாங்கள் போனில் பேசினால் பக்கத்து அறையில் இருக்கும் உங்கள் தங்கைக்கும் கேட்கும். அதனால்தான் கடிதம்.

மகள் வீட்டில் சுவரே கிடையாது மச்சான், எல்லாம் கண்ணாடி. கட்டடங்களுக்குக் கண்ணாடி மாட்டுவது மாப்பிள்ளையின் உத்தியோகம் என்று தெரிந்துதான் பெண்ணைக் கொடுத்தோம், அதற்குள்ளேயே குடிவைப்பார் என்று யாருக்குத் தெரியும்? வாழ்நாளெல்லாம் ஜன்னல் திரை விற்றவன் நான். ஆசையாக நாலு திரை தைத்துக்கொண்டு வந்தால், "கண்ணாடியே திரைதான் மாமா" என்று சிரிக்கிறார். வெயில் ஏறினால் அதுவே கறுத்துக்கொள்ளுமாம். இதை முன்னாடியே சொல்லித் தொலைக்க வேண்டாமா? மத்தியானம் திடீரென்று இருட்டியதும் என் கண்தான் போய்விட்டது என்று டாக்டரிடம் கூட்டிப்போகச் சொல்லி ஒரே கூப்பாடு போட்டுவிட்டேன். துண்டைக் கட்டிக்கொண்டு குளித்துவிட்டு வந்தால், வெளியே கயிற்றில் தொங்கிக்கொண்டு கண்ணாடி துடைக்கிறவர் வணக்கம் சொல்கிறார். பதிலுக்குக் கையெடுத்துக் கும்பிட்டால் துண்டு நிற்குமா?

"உருகின கண்ணாடியை உருகின வெள்ளீயத்து மேல மிதக்க விடுவாங்க மாமா, அப்பதான் மேடு பள்ளம் இல்லாம வரும். அதுல ரெண்டு தகடு, நடுவுல வாயு. வெளியில இருந்து சூடு வராது, சத்தமும் வராது" என்று மாப்பிள்ளை விளக்கினார். நானும் ஆகா ஆகா என்றேன். அந்தச் சத்தம் வராத சமாச்சாரத்தில்தான் மச்சான் நான் மாட்டிக்கொண்டேன்.

போன வாரம் சாயங்காலம் பால்கனியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கதவு சாத்தியிருந்தது. உங்கள் தங்கை உள்ளிருந்து கண்ணாடியில் கை வைத்துக்கொண்டு என்னமோ பேசினாள். வாய் அசைகிறது, ஒரு எழுத்துக்கூடக் கேட்கவில்லை. "என்னது?" என்று கத்தினேன், அது அவளுக்குக் கேட்டால்தானே? நீளமாகப் பேசினாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், கடைசியில் ஏதோ கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள். கல்யாணமான நாள் முதல் செய்கிறதைத்தான் செய்தேன், பலமாகத் தலையாட்டிவிட்டேன். உடனே அவள் சிரித்தாள் பாருங்கள், செடிக்கு ஊற்ற வேண்டிய தண்ணீரை என் காலிலேயே ஊற்றிக்கொண்டேன்.

எதற்கு ஆட்டினேன் என்று அவளிடமே கேட்கலாம்தான். கேட்டால், "அப்ப இத்தனை வருஷமா ஆட்டினதெல்லாம்?" என்பாளே! அதற்கு நான் எங்கே போவேன்? நானாகத்தான் யோசித்தேன். வந்த நாளிலிருந்து மகள், "இங்கேயே இருந்துடுங்கப்பா" என்று நச்சரிக்கிறாள். தலையாட்டிய மறுநாளே இவள் துணியெல்லாம் எடுத்து மடிக்கிறாள், இங்கே அலமாரியில் அடுக்கத்தான் இருக்கும், பாட்டு வேறு முணுமுணுக்கிறாள். நிரந்தரமாகத் தங்குவதற்குத்தான் நான் சம்மதித்திருக்கிறேன், சந்தேகமே இல்லை. எனக்கு நம் வீடு வேண்டும் மச்சான், சாய்ந்து உட்கார ஒரு சுவர் வேண்டும், வாய்விட்டுச் சொல்கிறேன். ஆனாலும் அவள் சந்தோஷப்பட்டுவிட்டாள், இனி மாற்றிப் பேச மனசு வரவில்லை. நம் வீட்டை வாடகைக்குக் கேட்டுக்கொண்டிருந்த மருந்துக்கடைக்காரருக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். அவர் வந்தால் தங்களிடம் உள்ள சாவியைக் கொடுத்துவிடவும்.

அக்காவுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு என் ஆசிகள். எல்லோரும் நாலு சுவருக்குள் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் தங்கை வீட்டுக்காரன்

பி.கு.: சாவியைக் கொடுக்காதீர்கள்! இப்போதுதான் உங்கள் தங்கை வந்தாள், கையில் துணி அடுக்கிக் கட்டிய பெட்டி. "அண்ணனுக்குத்தானே எழுதுறீங்க? வீட்டைத் தொறந்து பெருக்கி வைக்கச் சொல்லுங்க" என்கிறாள். அன்றைக்கு அவள் கேட்டது, "நம்ம வீட்டுக்கே போயிடலாமாங்க?" என்றுதானாம். "கோவிச்சுக்கிட்டு மூஞ்சியத் திருப்பிக்கக்கூட இங்க ஒரு மூலை இல்லைங்க. வேணாம்னு சொல்லுவீங்கன்னு பயந்துக்கிட்டேதான் கேட்டேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாம தலையாட்டினீங்களே, எனக்கு அதுவே போதும்" என்று சொல்லி அழுதுவிட்டாள். இதைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டேயிருக்கிறாள். ஆகவே மேலே எழுதியது அத்தனையும் ரத்து. மருந்துக்கடைக்காரரிடம் வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளியுங்கள். வெள்ளிக்கிழமை வருகிறோம். படித்ததும் இதைக் கொளுத்திவிடுங்கள். இனி யார் கேட்டாலும் இதுதான் கணக்கு: அன்றைக்கு அவள் சொன்னது எனக்குக் கேட்டது மச்சான், கேட்டுத்தான் தலையாட்டினேன்.