தர்க்கலிங்கம் வீட்டுக் குஞ்சு

ஒரு காட்டில் நலச் சங்கம் இல்லாத மரமே கிடையாது. அங்கே இலுப்பை மரச் சங்கத்துக்குச் செயலாளர் தர்க்கலிங்கம் என்ற காக்கை. பாசம், பயம், கோபம் இதெல்லாம் தன் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை என்று பெருமையடித்துக்கொள்வார். யாராவது 'அது' என்று குறிப்பிட்டால் மட்டும் கோபம் வந்துவிடும். நமக்கேன் வம்பு, 'அவர்' என்றே வைத்துக்கொள்வோம்.

காக்கைக் கூட்டில் குயில் திருட்டுத்தனமாக முட்டையிடுவது ஊரறிந்த சங்கதி. அதைக் கண்டுபிடிக்கத் தர்க்கலிங்கம் வருடாவருடம் குரல் சோதனை நடத்தினார். பெற்றோர் குஞ்சோடு வரிசையில் நிற்க வேண்டும். மைக்கில் 'கா' என்ற குஞ்சு கூட்டுக்குத் திரும்பலாம். 'கூ' என்ற குஞ்சு மரத்தை விட்டே போய்விட வேண்டும். போன வருடம் மேல்கிளை மாரியக்காவின் குஞ்சு 'கூ' என்றது. மாரியக்கா அழுது புரண்டாள்.

"கண்ணீர் சாட்சி ஆகாதும்மா," என்று சொல்லிக் குஞ்சை வெளியேற்றிவிட்டார் தர்க்கலிங்கம்.

இந்த வருடம் சோதனைக்கு முந்தின நாள் காலையில், அவருடைய ஒரே குஞ்சு அவர் முகத்தைப் பார்த்து முதன்முதலாகப் பேசியது.

"கூ."

அவர் உடனே தர்க்கத்தை ஆரம்பித்தார். காக்கைக் குஞ்சு 'கா' என்னும். இது 'கூ' என்கிறது. ஆகவே... அதற்கு மேல் போவதற்குள் குஞ்சு மறுபடியும் வாயைப் பிளந்தது. அவருடைய அலகு அதுபாட்டுக்கு ஒரு புழுவை ஊட்டிவிட்டது.

"அஞ்சலை, இது நம்ம குஞ்சு இல்லை," என்றார் மனைவியிடம்.

"முட்டையா இருக்கறப்பவே தெரியுமே."

"தெரிஞ்சுமா அடைகாத்தே? எதுக்கு?"

"குளிருமேன்னுதான்."

இந்த வாதத்தில் எங்கே ஓட்டை என்று தர்க்கலிங்கம் தேடித் தேடிப் பார்த்தார். ஓட்டை அகப்படவில்லை. நாளைக்குக் குஞ்சு தன்னை விட்டுப் போய்விடுமே என்ற பயம்தான் அகப்பட்டது. பொழுது சாயும்வரை அதற்குக் 'கா' சொல்லிக் கொடுத்தார். குஞ்சு சமர்த்தாகக் கேட்டுக்கொண்டு, 'கூ' என்றது.

மறுநாள் மைக் முன்னால் அது 'கூ' என்றது காடு முழுக்கக் கேட்டது. வரிசை முழுக்க அவர் பக்கம் திரும்பியது.

"தொண்டைக்கட்டு," என்றார் தர்க்கலிங்கம். யாரும் நம்பவில்லை. "காக்கை ஊட்டி வளர்த்ததெல்லாம் காக்கைதான். இது நான் ஊட்டி வளர்த்தது. ஆகவே இதுவும் காக்கை." பின்னால் நின்ற இரண்டு பேர் சிறகு தட்டினார்கள்.

இந்த வருடத்துக் குஞ்சோடு வரிசையில் அடுத்ததாக நின்ற மாரியக்கா கேட்டாள்: "போன வருஷத்துதும் நான் ஊட்டினதுதானுங்களே?"

அவரிடம் இருந்த 'ஆகவே'யெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. "இதைப் பிரிஞ்சு என்னால இருக்க முடியாதும்மா. வேற காரணம் இல்லை," என்று அத்தனை பேர் முன்னாலும் அழுதார்.

"கண்ணீர் சாட்சி ஆகாதுங்களே," என்றாள் மாரியக்கா. சொல்லிவிட்டு, தன் குஞ்சுக்கென்று காலில் இடுக்கி வைத்திருந்த புழுவை எடுத்து அவர் குஞ்சின் வாயில் வைத்தாள்.

தர்க்கலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குஞ்சைப் பத்திரமாகத் தன் சிறகுக்குள் இழுத்துக்கொண்டார். பிறகு மைக்கை மாரியக்காவின் குஞ்சு பக்கம் திருப்பினார்.

"அடுத்தது, சொல்லு பார்க்கலாம்."

நீதி: காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. உரைகல் அடுத்த வீட்டுக் குஞ்சுக்குத்தான்.