மகிழ்ச்சி மூலையும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும்

மன அழுத்தத்தைக் கூட்டம் போட்டு ஒழித்த மருத்துவமனை இந்தப் பூவுலகில் ஒன்றே ஒன்றுதான். அது திருவாரூருக்கும் கீழ்வேளூருக்கும் நடுவில், சுற்றிலும் வயலாக இருக்கும் எங்கள் ஊரில் இருக்கிறது. ஊர்ப் பெயரைச் சொல்ல என் அடக்கம் இடம் கொடுக்கவில்லை. ஏனென்றால் ஒழித்தவன் நான்தான்.

என் பெயர் தியாகேசன். தோல் மருத்துவன். சொறி, சிரங்கு, படர்தாமரை ஆகிய துறைகளில் இந்த வட்டாரத்தில் எனக்கென்று ஓர் இடம் உண்டு. கொரோனா இரண்டாம் அலை வந்தபோது என் நோயாளிகள் எல்லாரும் வீட்டிலேயே சொறிந்துகொள்வது என்று முடிவெடுத்துவிட்டதால் நான் சும்மா இருந்தேன். எங்கள் மனநல மருத்துவரோ, ஆக்சிஜன் லாரி வருகிறதா என்று வாசலில் நின்று பார்க்கும் பொறுப்பில் இருந்தார். இதற்கிடையே, செவிலியர்கள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் சுவரையே பார்க்கிறார்கள் என்று புகார் வந்தது. கண்காணிப்பாளர் பிரகதாம்பாள் அவசரக் கூட்டம் கூட்டினார்.

"நர்ஸுங்க மனசு எப்படி இருக்குன்னு மேலேருந்து கேக்குறாங்க. ஒரு மனநல ஒருங்கிணைப்பாளர் போட்டாகணும். யாரு ஃப்ரீ?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"மேடம், நான் தோலு..."

"மனசு மட்டும் எங்க இருக்கு? தோலுக்கு உள்ளதானே இருக்கு? நீங்க வெளியிலேருந்து ஆரம்பிங்க. மேட்டூரத் தொறந்தா கடைமடை வரைக்கும் தண்ணி போவணும்ல? அந்த மாதிரி மகிழ்ச்சி கடைசி வார்டு வரைக்கும் போவணும்."

போயிற்று. மேட்டூர்த் தண்ணீர் எங்கள் கடைமடைக்கு எந்த அளவில் வருமோ, அதே அளவில் போயிற்று.

முதல் திட்டம் 'சிரிப்புப் பயிற்சி'. முகக்கவசத்துக்குள் சிரிக்கிறார்களா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று பிரகதாம்பாள் கவலைப்பட்டார். "கண் ஓரத்துல சுருக்கம் விழும், மேடம்" என்றேன். தோல் மருத்துவனைத் தேர்ந்தெடுத்தது எவ்வளவு சரி என்று அப்போதுதான் எல்லாருக்கும் விளங்கியது. பயிற்சியின்போது அத்தனை பேர் கண்ணிலும் சுருக்கம் இருந்தது. அது சிரிப்பினால் வந்ததா என்று நான் ஆராயவில்லை.

அடுத்தது 'மகிழ்ச்சி மூலை'. செவிலியர் ஓய்வறையில் ஓர் இரும்புக் கட்டில் கிடந்தது. டூட்டி முடிந்தவர்கள் அதில் மாறி மாறிப் படுத்து எழுந்து அறையின் அழகையே கெடுத்துக்கொண்டிருந்தார்கள். கட்டிலை அப்புறப்படுத்தினேன். அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் செடியையும், சூரியோதயப் படத்தையும், 'புன்னகை செய், கவலை ஓடும்' என்ற பலகையையும் வைத்தேன். உட்காருவதற்கு மட்டும் எதுவும் வைக்கவில்லை. உட்கார்ந்தால் தூங்கிவிடுவார்கள்; தூங்குகிறவர்கள் எப்படிப் பலகையைப் படிப்பார்கள்?

இப்படி எல்லாம் சிறப்பாக நடந்துகொண்டிருந்தபோது பாத்திமா மேரி என்னைத் தேடி வந்தார். ஒப்பந்தச் செவிலியர். அவருடைய அம்மா கீழ்வேளூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் இறந்துபோயிருந்தார்.

"சார், வர்ற வியாழக்கிழம அம்மாவுக்கு முப்பதாம் நாள் பூச. அடக்கத்துக்கும் என்னால போவ முடியல. போனுலதான் பாத்தேன், அதுவும் நடுவுல கட்டாயிடுச்சு. ஒரே ஒரு நாள் லீவு வாங்கிக் குடுங்க சார். கல்லறையில மெழுகுவத்தி ஏத்திட்டு ஓடியாந்துர்றேன்."

நேராகக் கண்காணிப்பாளரிடம் போனேன். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"லீவு குடுத்தா எல்லாரும் கேப்பாங்க, டாக்டர். கவுன்சிலிங் குடுங்க. ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

நிர்வாகம் என்றால் இதுவல்லவா என்று எனக்கு மெய்சிலிர்த்தது. அதே வியாழக்கிழமை கவுன்சிலிங் என்று முடிவாயிற்று.

கவச உடைக்குள் புகுந்துவிட்டால் யார் யார் என்று தெரியாது. அதனால் உடையின் முன்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் பெயரை எழுதிக்கொள்வது வார்டு வழக்கம். வியாழக்கிழமை நானும் ஓர் உடைக்குள் புகுந்து, 'பாத்திமா மேரி' என்று எழுதியிருந்தவரைத் தேடிப் பிடித்து, வார்டில் இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தேன்.

"அம்மாவப் பத்திப் பேசுங்க சிஸ்டர். மனசுக்குள்ளயே வச்சுக்காதீங்க."

"எங்கம்மாவா? நல்லாருக்காங்க சார்."

நான் அசரவில்லை. துக்கத்தில் இதற்கு 'மறுப்பு நிலை' என்று பெயர். முந்தின நாள்தான் கைப்பேசியில் படித்திருந்தேன்.

"இல்ல சிஸ்டர். அவங்க இப்ப நம்மகூட இல்ல."

"ஆமா சார், குத்தாலத்துல இருக்காங்க. உளுந்து காயப்போட்டிருக்கேன்னு காலையிலதான் சொன்னாங்க."

முற்றிய நிலை. விடாமல் பேசினேன். ஆறு கடலில் கலப்பதைப் பற்றியும், கதிர் முற்றினால் அறுப்பு என்பதைப் பற்றியும் வெகுநேரம் பேசினேன். அவர் தலை மெல்ல மெல்லத் தாழ்ந்து மார்பில் சாய்ந்தது. உண்மையை ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று புரிந்தது. அந்த உருக்கமான காட்சியைப் படம் எடுத்து, 'துயரிலிருந்து தெளிவுக்கு' என்று தலைப்பிட்டு மருத்துவமனை வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

படத்துக்குப் பெரும் வரவேற்பு. மறுநாளே பாத்திமா மேரிக்கு மெமோ வந்துவிட்டது. நோயாளிகள் காத்திருக்க, பணி நேரத்தில் நாற்காலியில் அமர்ந்து உறங்கியதற்காக ஒப்பந்தத்தை ஏன் ரத்து செய்யக் கூடாது? ஆதாரம்: என் படம்.

மகிழ்ச்சி மூலையில் பிளாஸ்டிக் செடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பாத்திமா மேரி வந்து நின்றார். கூடவே மலர்க்கொடி என்ற இன்னொரு செவிலியர்.

"சார், அந்த நாற்காலியில நான் உக்காரவே இல்ல. அந்த நேரம் எங்கம்மா கல்லறகிட்ட இருந்தேன். அதச் சொன்னா லீவு இல்லாமப் போனேன்னு வேல போயிடும். சொல்லலன்னா தூங்கினேன்னு வேல போயிடும். நான் எதச் சொல்லட்டும்?"

"அப்ப நான் யாருக்கு ஆறுதல் சொன்னேன்?"

"எனக்குத்தான் சார்" என்றார் மலர்க்கொடி. "என் டூட்டிய முடிச்சுட்டு, இவ பேர எழுதிக்கிட்டு இவ டூட்டியும் பாத்தேன். நீங்க உக்காருங்கன்னு சொன்னதும் கண்ணு சொருகிடுச்சு. என்னமோ உளறியிருக்கேன், மன்னிச்சுக்குங்க."

"நான் பேசினது எதாவது காதுல விழுந்துச்சா?"

"இல்ல சார். ஆனா ரொம்ப நல்லாருந்துச்சு. இந்த அலை ஆரம்பிச்சதுலேருந்து என்னய உக்காருன்னு சொன்ன ஒரே ஆளு நீங்கதான்."

நான் வாங்கிய பாராட்டுகளிலேயே என்னை அழவைத்தது இது ஒன்றுதான். முகக்கவசத்துக்குள் அழுதேன். கண் ஓரத்தில் சுருக்கம் விழுந்திருக்கும். டாக்டர் சிரிக்கிறார் என்று இருவரும் நினைத்திருப்பார்கள்.

பாத்திமா மேரியின் வேலையைக் காப்பாற்றுவது, கட்டிலைத் திரும்பக் கேட்பது, எல்லாருக்கும் முறைபோட்டு லீவு கேட்பது என்று மூன்று வீர வசனங்களைத் தயார் செய்துகொண்டு கண்காணிப்பாளர் அறைக்குள் நுழைந்தேன்.

"மேடம், அவங்கள உக்காரச் சொன்னது நான்தான். அது சிகிச்ச."

"உக்கார்றதா சிகிச்ச?"

"ஆமா மேடம். உடனே குணம் தெரியுது."

பிரகதாம்பாள் நெற்றியைத் தேய்த்தார். "சரி, மெமோவ வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா இது பரவக் கூடாது, டாக்டர். ஆளாளுக்கு உக்கார ஆரம்பிச்சா வார்டு என்னத்துக்கு ஆவுறது?"

மற்ற இரண்டு வசனங்களும் வாய் வரைக்கும் வந்தன. முகக்கவசம் போட்டிருந்ததால் அங்கேயே நின்றுவிட்டன. தொற்றைத் தடுக்கும் முன்னெச்சரிக்கையாக, அந்த நாற்காலி அன்று மாலையே வார்டிலிருந்து அகற்றப்பட்டது.

அலை ஓய்ந்ததும் பாராட்டு விழா நடந்தது. 'மனநலக் காவலர்' என்ற பட்டம் எனக்கு. பொன்னாடை போர்த்தி, மேடையில் ஒரு நாற்காலியைக் காட்டினார்கள். எங்கேயோ பார்த்த நாற்காலியாக இருந்தது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். கால் வலித்தது, உட்கார்ந்துவிட்டேன். மலர்க்கொடி சொன்னது உண்மைதான், ரொம்ப நன்றாக இருந்தது.

கீழே செவிலியர்கள் அத்தனை பேரும் நின்றபடி கைதட்டினார்கள். மரியாதைக்காக எழுந்து நிற்கிறார்கள் என்று சிறப்பு விருந்தினர் நெகிழ்ந்துபோனார். அவர்களுக்கு நாற்காலியே போடவில்லை என்று நான் அவரிடம் சொல்லவில்லை. அவர்களுக்கென்று இருந்த ஒரே நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன்.